ஞாயிறு தவறாத பிள்ளை



2016-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதக் கடைசி ஞாயிறு. மும்பையில் நாங்கள் ஆராதனைக்கென்று வாடகைக்கு எடுத்திருந்த சிறிய மண்டபத்தில் ஞாயிறு பள்ளி ஆண்டு விழா நடந்தது. வசனம் ஒப்புவித்த பிள்ளைகளும் பாட்டுப் பாடிய பிள்ளைகளும் பரிசு பெற்றபின், வருகைப் பரிசுக்கு ஒரே ஒரு பையனின் பெயர் வாசிக்கப்பட்டது. ஏழாம் வகுப்பு மாணவன். ஓராண்டில் ஒரு ஞாயிறும் தவறாதவன். தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்த நாட்களில்கூட அங்குள்ள சபையின் ஞாயிறு பள்ளிக்குச் சென்று, அந்தப் போதகரிடம் ஒரு தாளில் கையெழுத்து வாங்கி வந்தவன். ஜிப் வைத்த உறைபோட்ட வேதாகமம் ஒன்றை அவன் கையில் கொடுத்து, சபையார் முன்பாக அவனை உயர்வாகப் பேசினேன். அவனுடைய தாயார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்த வாரமே அந்தச் சகோதரி என் வீட்டுக்கு வந்தார். பையனின் பள்ளி முன்னேற்ற ஏடு கையில் இருந்தது. "பாஸ்டர், இதுல என்ன எழுதியிருக்குன்னு பாத்துச் சொல்லுங்க. கேட்டா பாஸ்னு மட்டும் சொல்றான்" என்றார். மாநகராட்சியின் மராத்திப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தான். எனக்கு மராத்தி பேச வராது. தேவநாகரி எழுத்தைக் கூட்டி வாசிக்கவும், எண்களை அறிந்துகொள்ளவும் மட்டும் பழகியிருந்தேன். மதிப்பெண் இருந்த பக்கத்தைத் தாண்டி, மாதவாரியாக வேலை நாட்களும் வந்த நாட்களும் எழுதப்பட்டிருந்த கட்டங்கள் என் கண்ணில் பட்டன. ஏனோ ஒரு பென்சிலை எடுத்துக் கூட்டிப் பார்த்தேன்.

பள்ளி நடந்த நாட்கள் 218. அவன் போன நாட்கள் 171. போகாதவை 47.

ஐந்தில் ஒரு பங்குக்கும் அதிகம்! ஒரு ஞாயிறும் தவறாதவன் என்று ஒரு வாரத்துக்கு முன்னால் நான் பாராட்டிய அதே பிள்ளை. அவனோ ஊர் சுற்றுகிறவனல்ல. பள்ளிக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வேறெங்கும் ஒளிந்துகொள்கிறவனுமல்ல. ஆகவே தாயையும் மகனையும் உட்காரவைத்து, அந்த 47 நாட்களும் எங்கே போயின என்று ஒவ்வொன்றாக நினைவுகூரச் செய்தேன்.

ஊரில் தாய்மாமன் திருமணம். தீபாவளி விடுமுறை முடிந்தும் தங்கினார்கள். பிறகு திரும்பிவர ரயிலில் இடம் கிடைக்கவில்லை. அதில் 17 நாட்கள். பாட்டியை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனது, சீட்டு வாங்க நின்றது, மறுபடி ரத்தப் பரிசோதனை முடிவு வாங்கப் போனது என்று 6 நாட்கள். அவனுக்கே காய்ச்சல் கண்டது 5 நாட்கள். மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை நம் சபையில் முழு இரவு ஜெபம். விடிந்தபின் பிள்ளை தூங்கிவிடுவான். அப்படிப் போன சனிக்கிழமைகள் 8. இன்னும் 8 நாட்களுக்கு அவர்களுக்கே காரணம் தெரியவில்லை. கைக்குழந்தையாயிருந்த தங்கையைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பான் என்றார் தாயார்.

அதுவரை 44 நாட்கள்தாம் வந்தன. மீதி மூன்று நாட்களை அந்தப் பையன்தான் தயங்கித் தயங்கிச் சொன்னான். "அது... நீங்க கூப்பிட்டீங்கல்ல பாஸ்டர், கரண்ட் ஆபீசுக்கு."

உண்மைதான். மண்டபத்தின் மின்கட்டண வழக்குக்காக மூன்று நாட்கள் அவனை என்னோடு அழைத்துப் போயிருந்தேன். வேதாகமக் கல்லூரியில் எபிரெயும் கிரேக்கமும் கற்ற எனக்கு, அலுவலக மேசைக்கு முன்னால் நின்று மராத்தி பேச ஒரு பன்னிரண்டு வயதுப் பையன் தேவைப்பட்டான். அந்த மூன்று நாட்களில் ஒன்றில் அவனுக்குக் கணக்குத் தேர்வு இருந்ததாம். அதை அவன் அப்போது சொல்லவில்லை. போதகர் கூப்பிடும்போது எந்தப் பிள்ளை சொல்லும்?

அன்பான பெற்றோரே, வேறொருவர் வீட்டுக் கதையாக இதை வாசித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடாதீர்கள். உங்கள் வீட்டிலும் அப்படி ஓர் ஏடு இருக்கிறது. மதிப்பெண்ணைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டீர்களே, அந்தக் கட்டங்களைக் கூட்டினீர்களா?

யாரும் எண்ணாத நாட்கள்

2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கட்டாயக் கல்விச் சட்டம், 6 வயது முதல் 14 வயது வரையுள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் கல்வியை உரிமையாக்கியிருக்கிறது. முதல் வகுப்பிலிருந்து ஐந்து வரை ஆண்டுக்கு 200 நாட்களும், ஆறிலிருந்து எட்டு வரை 220 நாட்களும் பள்ளி நடக்கவேண்டும் என்பதையும் அது வரையறுக்கிறது. ஆண்டில் 365 நாட்கள் இருப்பதால், 200 என்பது முன்னமே குறைவான எண் என்பதைக் கவனியுங்கள். பண்டிகை, மழை, கோடை, ஞாயிறு எல்லாம் கழித்து மிஞ்சியது அது. அதில் நாமும் கை வைக்கிறோம்.

மாதத்துக்கு இரண்டு நாள் லீவு போட்டால் என்ன வந்துவிடும் என்று கேட்கிறோம். பத்து மாதத்தில் இருபது நாட்கள். ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. அமெரிக்காவில் பள்ளி வருகையை ஆராய்கிறவர்கள் பத்தில் ஒரு பங்கு தவறும் பிள்ளையைத்தான் தொடர்ந்து வராத பிள்ளை என்ற கணக்கில் வைக்கிறார்கள். முதல் வகுப்பிலிருந்து எட்டு வரை இதே வழக்கம் நீடித்தால் 160 நாட்கள் ஆகின்றன. ஒரு முழுக் கல்வியாண்டில் முக்கால் பங்கு! ஓராண்டு பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்துங்கள் என்று யாராவது சொன்னால் நாம் சண்டைக்குப் போவோம். சில்லறை சில்லறையாக எடுத்தால் நமக்குத் தெரிவதில்லை.

தெரியாமற்போவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்தச் சட்டத்தின்படி எட்டாம் வகுப்பு வரை எந்தப் பிள்ளையையும் அதே வகுப்பில் நிறுத்திவைக்கக் கூடாது என்று இருந்தது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் ஐந்திலும் எட்டிலும் தேர்வு வைத்து நிறுத்தும் அதிகாரம் மாநிலங்களுக்குக் கிடைத்தது. ஆனால் "எப்படியும் பாஸ் போட்டுவிடுவார்கள்" என்ற எண்ணம் நம் ஜனங்களுடைய உள்ளத்தில் ஊறிவிட்டது. பிள்ளையைச் சிறு வயதிலேயே தோற்றவன் என்று முத்திரை குத்தக் கூடாதென்ற நல்ல நோக்கத்தில் வந்த விதி அது. அதை நான் குறைகூறவில்லை. தவறிய நாட்களுக்கான கணக்கு ஒன்பதாம் வகுப்பு வரை நம் கைக்கு வந்து சேருவதில்லை என்பதை மட்டும் சொல்கிறேன். வரும்போது மொத்தமாக வருகிறது.

நான் சொன்ன அந்தப் பையனுக்கும் அப்படியே நேர்ந்தது. எட்டு வரை தேர்ச்சி பெற்றான். ஒன்பதாம் வகுப்பில் இயற்கணிதம் வந்தது. பின்னமும் விகிதமும் நடத்தப்பட்ட நாட்களில் அவன் ஊரிலோ, மருத்துவமனை வரிசையிலோ, என்னோடோ இருந்திருக்கிறான். முதல் பருவத் தேர்வில் கணக்கிலும் விஞ்ஞானத்திலும் தோற்றான். அதன்பின் காலையில் வயிற்றுவலி என்று சொல்லத் தொடங்கினான். ஜனவரியில் நின்றுவிட்டான். நான் மூன்று முறை வீட்டுக்குப் போய்ப் பேசினேன், ஜெபித்தேன், பள்ளிக்கும் போய்த் தலைமை ஆசிரியையைச் சந்தித்தேன். அவன் எழுந்து நின்று, "எனக்கு அங்க ஒண்ணும் புரியல பாஸ்டர்" என்றான். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஒரு நாள் இன்னொரு நாளைக் கூட்டிவரும்

பள்ளிக்குப் போகாத பிள்ளையை நாம் சோம்பேறி என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அந்தப் பிள்ளையின் இடத்தில் சற்று நின்று பாருங்கள். நான்கு நாட்கள் கழித்து வகுப்புக்குள் நுழைகிறான். கரும்பலகையில் இருப்பது தொடர்ச்சி. ஆரம்பம் அவனுக்குத் தெரியாது. வழக்கமாக உட்காரும் பலகையில் வேறொருவன் இருக்கிறான். வீட்டுப்பாடம் எங்கே என்று ஆசிரியர் கேட்கிறார். ஏன் வரவில்லை என்று பெற்றோரிடமிருந்து கடிதம் வேண்டும் என்கிறார். தாய்க்கு மராத்தியோ இந்தியோ எழுதத் தெரியாது. பிள்ளையே கடிதம் எழுதி, தாயின் கையெழுத்தை வாங்குகிறான், சில நேரம் தானே போட்டும் விடுகிறான். வெட்கத்தோடு சேர்ந்து ஒரு பொய்யும் தொடங்குகிறது. மறுநாள் காலையில் வயிறு வலிக்காமல் என்ன செய்யும்? அந்த வலி பெரும்பாலும் நடிப்பல்ல. பயம் பிள்ளைகளுக்கு உண்மையாகவே வயிற்றில்தான் வலிக்கிறது.

ஆகவே போகாமற்போன நாளைவிட, திரும்பிப் போகும் முதல் நாள்தான் ஆபத்தானது என்று நான் கண்டிருக்கிறேன். தவிர்க்க முடியாமல் பிள்ளை தங்க நேர்ந்தால், அன்று மாலையே கூடப்படிக்கும் பிள்ளையின் நோட்டை வாங்கி எழுதச் செய்யுங்கள். திரும்பும் நாளில் தாயோ தகப்பனோ வாசல்வரை கூடப் போங்கள். மொழி தெரியவில்லையே என்று தயங்கவேண்டாம். தன் பிள்ளையோடு பள்ளி வாசலில் வந்து நிற்கும் தாயை எந்த ஆசிரியரும் புரிந்துகொள்வார்.

2020 மார்ச்சில் மூடிய வகுப்பறைகள் மும்பையில் சிறு பிள்ளைகளுக்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஒழுங்காகத் திறக்கவில்லை. ஒரு கைபேசியை மூன்று பிள்ளைகள் பங்கிட்டுக்கொண்ட வீடுகள் நம் சபையிலேயே இருந்தன. பாடம் போனது ஒரு பக்கம். பள்ளிக்குப் போகாமலும் காலம் கழியும் என்று பிள்ளைகளும் நாமும் கற்றுக்கொண்டது மறுபக்கம். வகுப்பறை திறந்து ஆண்டுகள் ஆகியும் அந்தப் பாடம் மட்டும் மறக்கப்படவில்லை.

பிழைக்க வந்த வீடுகளின் காரணங்கள்

திருநெல்வேலியிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் சேலத்திலிருந்தும் பிழைப்புக்கென்று வந்தவர்கள் நாம். நம் வீடுகளில் பிள்ளை லீவு போடுவதற்கு உள்ளூர்க்காரர்களுக்கு இல்லாத காரணங்கள் இருக்கின்றன. அவற்றில் முதலாவது, மொழி.

பத்து ஆண்டுகள் இந்த நகரத்தில் இருந்தும் தாய்க்கு வங்கிப் படிவம் நிரப்பத் தெரியாது. பள்ளிக்குப் போகும் பிள்ளைக்குத் தெரியும். ஆகவே வங்கிக்கும் ரேஷன் அலுவலகத்துக்கும் மருத்துவமனைக்கும் பிள்ளையே வீட்டின் வாய். பள்ளி கற்றுக்கொடுத்த மொழியைக்கொண்டே அவனைப் பள்ளியிலிருந்து எடுத்துவிடுகிறோம்! இதில் நாள் போவது மட்டுமல்ல. பாட்டிக்கு வந்திருப்பது புற்றுநோய் என்று மருத்துவர் சொல்வதை முதலில் கேட்டு, அதைத் தமிழில் தன் தாய்க்குச் சொல்லவேண்டிய பாரம் ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளையின்மேல் விழுகிறது. பெரியவர்களாகிய நாமே அப்படிப்பட்ட செய்தியைச் சொல்லத் தயங்கிப் போதகரைக் கூப்பிடுகிறோமே!

அடுத்தது ஊர்ப் பயணம். ஊரில் திருமணமும் துக்கமும் மும்பைப் பள்ளியின் விடுமுறையைப் பார்த்து வருவதில்லை. அதோடு தமிழ்நாட்டுப் பள்ளிகளின் கோடை விடுமுறையும் இங்குள்ளதும் ஒன்றல்ல. அங்கே பள்ளி திறப்பது பெரும்பாலும் ஜூன் தொடக்கத்தில், இங்கே ஜூன் நடுவில். தீபாவளிக்கு இங்கே நீண்ட விடுமுறை. அங்கே சில நாட்களே. உறவினர் சொல்லும் நாளுக்குப் பயணம் வைத்தால் பிள்ளையின் நாட்கள்தாம் அடிபடும். ரயில் முன்பதிவு 120 நாட்களுக்கு முன் என்றிருந்தது 2024 நவம்பர் 1 முதல் 60 நாட்களாகிவிட்டது. போகும் சீட்டை எடுக்கும்போதே திரும்பும் சீட்டு எந்த நாளில் திறக்கும் என்று பார்த்துவைத்து, அன்று காலையிலேயே எடுத்துவிடுங்கள். இடம் கிடைக்கவில்லை என்ற ஒரே காரணத்தால் எங்கள் சபைப் பிள்ளைகள் இழந்த நாட்கள் ஏராளம். துக்கக் காரியமானால் தகப்பன் மட்டும் போய்வரலாம். பிள்ளைகளைச் சபையின் ஒரு குடும்பம் வைத்துக்கொள்ளும். கேட்டுப் பாருங்கள்.

மாதக்கணக்கில் ஊரில் தங்கவேண்டிய நிலை வந்தால், பெயரை அங்குள்ள அரசுப் பள்ளியில் சேர்த்துவிடுங்கள். மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமானாலும் சேர்க்கையை மறுக்கக் கூடாது. வயதுச் சான்று இல்லை என்பதற்காகவும் மறுக்கக் கூடாது. இரண்டையும் கட்டாயக் கல்விச் சட்டமே சொல்கிறது. ஆதார் இல்லை என்று சேர்க்கையை மறுக்க முடியாது என்பதை உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பில் தெளிவாக்கியது. இதை வெட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

பெண்பிள்ளைகளைக் குறித்துச் சற்று வெளிப்படையாகவே எழுதவேண்டியிருக்கிறது. மகள் பருவமடைந்தால் பதினைந்து நாட்கள் வீட்டுக்குள் வைப்பது நம் ஊர் வழக்கம். விசுவாசத்துக்குள் வந்தபின் சடங்கு வைப்பதையும் பந்தல் போடுவதையும் விட்டுவிட்டோம், நல்லதே. ஆனால் அந்தப் பதினைந்து நாட்களை விட்டோமா? பந்தல் இல்லாமலே பிள்ளையை உள்ளே வைக்கிறோம். அதற்குப் பின் மாதந்தோறும் மூன்று நாட்கள். தீட்டு என்ற எண்ணத்தை வாயால் மறுத்துவிட்டுப் பழக்கத்தில் வைத்திருக்கிறோம். பள்ளியில் கழிப்பறை சரியில்லை என்று மகள் சொன்னால், அது நியாயமான காரணம். அவளை நிறுத்திவைப்பது அதற்குத் தீர்வாகாது. ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிக் கழிப்பறை இருக்கவேண்டும் என்பது சட்டம். அரசு மற்றும் அரசு உதவிபெறும் பள்ளிகளில் மேலாண்மைக் குழு ஒன்று உண்டு. அதில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப்பேர் பெண்களாகவும் இருக்கவேண்டும். நம் சகோதரிகள் எத்தனைபேர் அதில் போய் உட்கார்ந்திருக்கிறார்கள்?

நோய்க்காக நின்ற நாட்களைக் குறித்து நான் ஒன்றும் சொல்லமாட்டேன், ஒரு காரியம் தவிர. குடிசைப் பகுதிப் பிள்ளைகளுக்கு அடிக்கடி வரும் வயிற்றுக் கோளாறுக்கும் சோர்வுக்கும் குடற்புழு ஒரு முக்கிய காரணம். கென்யா நாட்டுப் பள்ளிகளில் 1998 முதல் நடந்த ஓர் ஆய்வில், புழு நீக்க மருந்து கொடுத்த பள்ளிகளில் பிள்ளைகள் வராத நாட்கள் சுமார் நான்கில் ஒரு பங்கு குறைந்ததாகக் கண்டார்கள். பின்னாளில் அக்கணக்கைப் பற்றி அறிஞர்கள் வாதித்தார்கள். நம் நாட்டில் 2015 முதல் பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் அந்த மாத்திரையை இலவசமாகக் கொடுக்கிறார்கள். அன்று பிள்ளை பள்ளியில் இருக்கவேண்டும், அவ்வளவுதான். விசுவாசத்தினால் மருந்து வேண்டாம் என்று சொல்லும் சில குடும்பங்களை நான் அறிவேன். அவர்களோடு தனியே பேசவேண்டும். இங்கே இடம் போதாது.

"ஆசிரியரே ஒழுங்காக வருவதில்லையே, பிள்ளை போய் என்ன?" என்று கேட்கும் தகப்பன்மாரும் உண்டு. கேள்வியில் உண்மை இருக்கிறது. 2003-இல் நாடு முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு முன்னறிவிப்பின்றிச் சென்று பார்த்தபோது, நான்கு ஆசிரியரில் ஒருவர் பள்ளியில் இல்லை. ஆனால் அந்த ஆய்வில் மகாராஷ்டிரத்தில்தான் மிகக் குறைவு, நூற்றுக்குச் சுமார் பதினைந்து பேர். அப்படியானால் எண்பத்தைந்து பேர் வந்து நிற்கிறார்கள். யாருக்காக?

சோறு போட்டு அழைத்த நாடு

பிள்ளை பள்ளிக்கு வருவது பிரசங்கத்தால் மட்டும் நடக்காது என்பதை நம் தமிழ்நாடு வெகுகாலத்துக்கு முன்னே அறிந்துகொண்டது. 1920-இல் சென்னை ஆயிரம் விளக்கில் மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு உணவு கொடுக்கத் தொடங்கினார்கள். 1956-இல் காமராசர் மதிய உணவைத் தமிழகமெங்கும் பரவச் செய்தார். 1982-இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரிவாக்கினார். 2001 நவம்பரில் உச்ச நீதிமன்றம், நாடெங்கும் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் சமைத்த உணவு கொடுக்கவேண்டும் என்று ஆணையிட்டது. 2022 செப்டம்பரில் தமிழகத்தில் காலை உணவும் தொடங்கியது. இதை வாசிக்கிற உங்களில் பலர், தட்டோடு பள்ளிக்குப் போனவர்கள்தாமே? நானும் போனேன். மூன்றாம் வகுப்பில் நான் ஒரு நாளும் தவறாததற்குக் காரணம் கல்வி ஆர்வம் என்று என் பிள்ளைகளிடம் சொல்வதுண்டு. உண்மையில் அது அந்த மதியச் சோறுதான்.

சபையின் பங்கு

இனி நம் வீட்டுக்குள் வருவோம். ஞாயிறு பள்ளி எதற்காகத் தோன்றியது என்று உங்களுக்குத் தெரியுமா? 1780-இல் இங்கிலாந்தின் குளஸ்டர் நகரில் ராபர்ட் ரெய்க்ஸ் என்ற பத்திரிகையாசிரியர் அதைத் தொடங்கியபோது, வாரத்தில் ஆறு நாளும் வேலை செய்த ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத வாசிக்கக் கற்றுக்கொடுப்பதும் அதன் நோக்கமாயிருந்தது. வாரநாளில் பள்ளிக்குப் போக இயலாத பிள்ளைக்காக உண்டானதே ஞாயிறு பள்ளி. நானோ, வாரநாளில் பள்ளிக்குப் போகக்கூடிய பிள்ளைக்கு ஞாயிறன்று பரிசு கொடுத்து, திங்கட்கிழமையைப் பற்றி ஒரு வார்த்தையும் கேளாதிருந்தேன்.

படிப்பு உலகஞானம், அதற்கு இத்தனை முக்கியத்துவம் எதற்கு என்று சில மூத்த விசுவாசிகள் என்னிடம் கேட்டதுண்டு. பாபிலோனில் தானியேலும் அவன் நண்பர்களும் மூன்று ஆண்டுகள் கல்தேயருடைய எழுத்தையும் மொழியையும் படிக்கவேண்டியதாயிருந்தது. அந்நிய ராஜாவின் போஜனத்தை மறுத்தார்கள். பாடத்தை மறுத்ததாக வேதம் சொல்லவில்லை. அன்னாளையும் நினைத்துக்கொள்ளுங்கள். ஒப்புக்கொடுத்த பிள்ளையைப் பார்க்க ஏங்காத தாயா அவள்? ஆண்டுதோறும் அவன் அளவுக்கு ஓர் உடை தைத்துக்கொண்டு அவன் இருக்கும் இடத்துக்குத் தானே போனாள். வேலை இருக்கிறது வா என்று சாமுவேலை வீட்டுக்கு அழைத்துக்கொள்ளவில்லை.

அந்தப் பையன் நின்றுபோன ஆண்டு, எங்கள் சபை மூப்பர்களோடு பேசி மூன்று காரியங்களை மாற்றினோம். முழு இரவு ஜெபத்தைப் பள்ளி விடுமுறைக்கு முந்தின இரவுக்கு வைத்தோம். அப்படி நாள் அமையாத மாதத்தில் பிள்ளையுள்ள குடும்பங்கள் ஒன்பதரை மணிக்கு வீடு திரும்பலாம் என்று நானே மேடையிலிருந்து சொன்னேன். இரண்டாவதாக, மராத்தியும் இந்தியும் நன்கு பேசும் பெரியவர்கள் ஆறு பேரின் பெயரை வாசலில் ஒட்டினோம். ஓர் ஆட்டோ ஓட்டுநர், ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர், இரவு வேலை செய்யும் இரண்டு வாலிபர்கள், தையல் கடை வைத்திருக்கும் கணவனும் மனைவியும். மருத்துவமனைக்கோ வங்கிக்கோ போகவேண்டியவர்கள் இவர்களைக் கூப்பிடவேண்டும், பிள்ளையை அல்ல. மூன்றாவதாக, ஞாயிறு பள்ளி வருகைப் பரிசு வேண்டுமானால் பள்ளி முன்னேற்ற ஏட்டையும் காட்டவேண்டும் என்று வைத்தோம்.

எல்லாரும் மகிழ்ந்தார்கள் என்று எழுதினால் பொய்யாகும். ஜெபத்தைக் குறைக்கிறார் என்று சொல்லி ஒரு குடும்பம் வேறு சபைக்குப் போயிற்று. முதல் ஆண்டில் வருகைப் பரிசுக்கு ஒரு பிள்ளையும் தகுதி பெறவில்லை. பரிசுப் பொருட்களை அப்படியே பீரோவில் பூட்டிவைத்தோம். அறுவரில் ஒருவருக்கு நேரம் இல்லாமல் போனது. ஆனாலும் வீட்டு நாட்காட்டியில் பிள்ளை போகாத நாளைச் சிவப்பு மையால் வட்டமிடும் பழக்கம் மெள்ளப் பரவிற்று. மாதக் கடைசியில் எத்தனை வட்டம் என்று தாய்மார்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வதை இப்போது நான் காதால் கேட்கிறேன். சில வீடுகளில் இன்னும் வட்டங்கள் அதிகம்தான்.

அந்தப் பையனுக்கு இப்போது இருபத்தொரு வயது கடந்துவிட்டது. ஒரு கூரியர் நிறுவனத்தில் பொட்டலங்களை வீடுவீடாகச் சேர்க்கும் வேலை. அன்று கைக்குழந்தையாயிருந்த தங்கை பெரியவளாகி, அதே மாநகராட்சிப் பள்ளியில் படிக்கிறாள். சில மாதங்களுக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அந்தச் சகோதரி தமக்கு மருத்துவமனைக்குப் போகவேண்டியிருக்கிறது என்று என்னைக் கைபேசியில் அழைத்தார். பட்டியலிலிருந்த எவரும் அன்று கிடைக்கவில்லை. ஓட்டுநர் ஊரில் இருந்தார், செவிலியருக்கு உடல்நலமில்லை. மகளைத்தான் கூட்டிப்போகிறேன் பாஸ்டர், ஒரு நாள்தானே என்றார். நான் பதில் சொல்லுமுன் அந்தப் பக்கத்தில் வேறொரு குரல் கேட்டது. "அவ போகட்டும்மா, பரீட்சை இருக்கு. நான் வர்றேன்."

அன்று பிற்பகல் அவர்களை மருத்துவமனை வாசலில் சந்தித்தேன். தாயின் கையிலிருந்த சீட்டுகளை அவன் ஒழுங்குபடுத்திக்கொண்டு, செவிலியரிடம் மராத்தியில் விளக்கிக்கொண்டிருந்தான். வேலைக்கு என்ன சொன்னாய் தம்பி என்று கேட்டேன். அரைநாள் கூலி பிடிப்பார்கள் என்றான். பிறகு மணியைப் பார்த்து, தங்கைக்குப் பள்ளி விடும் நேரமாயிற்று, போய் அழைத்துவருகிறேன், அம்மாவைச் சற்றுப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி, பைக்கை எடுத்துக்கொண்டு போனான்.